பழைய இந்தியத் திரித்துவக்குகளின் குழல்களும் பெயரற்ற கொல்லர்களும்

1568 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். இராஜபுத்திரர்களின் சித்தோர் கோட்டையை முகலாயப் பேரரசர் அக்பரின் சேனை முற்றுகையிட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மதிலில் ஏற்பட்ட உடைப்பை அடைக்கும் வேலையை ஓரிரவு மேற்பார்வை செய்துகொண்டு நின்ற, கவசமணிந்த ஒருவரைக் குறிவைத்து அக்பர் தமது துவக்கினால் சுட்டார். வீழ்ந்தவர் கோட்டையின் தளபதி ஜெய்மால் என்பது பின்னரே தெரியவந்தது. அத்துடன் கோட்டையும் வீழ்ந்தது. அதன்பின் ஏறத்தாழ 30,000 பேர் கொல்லப்பட்டதாக அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் பாஸலே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தத் துவக்குக்கு ஒரு பெயரும் இருந்தது. 'சங்கிராம்', போர் என்பது அதன் பொருள். அதே துவக்கினால் வேட்டையாடப்பட்ட விலங்குகள் 1,019 என்று 'ஐனி அக்பரி' கணக்குச் சொல்கிறது. சுட்டவரின் பெயரையும் சுடப்பட்டவரின் பெயரையும் துவக்கின் பெயரையும் வரலாறு காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அதன் குழலை உலையிலே காய்ச்சி அடித்தெடுத்த கொல்லனுக்கு அந்தக் கதையில் இடமில்லை.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் பெயர் விடுபட்டுப் போனவர்களின் மீது எனக்கு எப்போதும் ஓர் அக்கறை உண்டு. துவக்கு என்ற சொல் எமது தலைமுறைக்குத் தரும் நினைவுகள் வேறு. அவற்றைப் பற்றி வேறு இடங்களில் நிறையவே எழுதியாகிவிட்டது. இக்கட்டுரை கொலைக்கருவியைப் போற்றுவதற்காக எழுதப்படுவதல்ல. ஒரு கைவினையைப் பற்றியது. அதன் சான்றுகள் நம் கண்முன்னாலேயே அழிந்துகொண்டிருப்பதைப் பற்றியது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பர். ஈழத்துத் தமிழர் நாம் 'துவக்கு' என்கிறோம். சிங்களவர்கள் 'துவக்குவ' என்பார்கள். எல்லாவற்றுக்கும் வேர் துருக்கிய மொழியிலுள்ள 'துபெக்' என்ற சொல்லே. 1526 இல் முதலாம் பானிப்பட்டுப் போரில் பாபரின் பக்கம் நின்றவர்களில் இந்தத் துவக்கு வீரர்களும் அடங்குவர். தென்னிந்தியக் கரைகளுக்கும் இலங்கைக்கும் போர்த்துக்கேயர் தமது துவக்குகளைக் கொண்டுவந்தது அதற்கும் முன்னதாகவே. ஆக, இரு வேறு வழிகளில் இந்த ஆயுதம் உபகண்டத்துக்குள் புகுந்து, ஒரு நூற்றாண்டுக்குள் அந்தந்த இடத்துக் கொல்லர்களின் கைப்பழக்கமாகவே மாறிவிட்டது.

திரித்துவக்கு என்பது மிக எளிமையான பொறி. குழலின் அடிப்பகுதியில் வலப்புறமாக ஒரு சிறு கிண்ணம். அதில் கொஞ்சம் மென்மையான வெடிமருந்து. கிண்ணத்திலிருந்து குழலுக்குள் ஊசி நுழையும் அளவிலான ஒரு துளை. அதனைத் தீத்துளை என்று அழைப்போம். வெடியுப்பில் ஊறவைத்த கயிற்றுத் திரி ஒன்று வளைந்த கொக்கியில் புகைந்துகொண்டிருக்கும். விசையை அழுத்தினால் கொக்கி சாய்ந்து திரி கிண்ணத்தைத் தொடும். கிண்ணத்து மருந்து பற்றி, தீத்துளை வழியாக உள்ளே சென்று, பிரதான மருந்தை வெடிக்கச் செய்யும். ஐரோப்பாவில் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சிக்கிமுக்கிக்கல் பொறி இதனை ஒதுக்கித் தள்ளிவிட்டது. இந்தியாவிலோ 19 ஆம் நூற்றாண்டு வரையிலும் திரித்துவக்கு பாவனையில் இருந்தது. விலை குறைவு, ஊர்க் கொல்லனே பழுது பார்த்துவிடலாம், கல் தேடி அலைய வேண்டியதில்லை என்பன அதற்கான காரணங்கள்.

இந்தப் பழைய பொறியைப் பார்த்துவிட்டுத்தான் மேல்நாட்டு எழுத்தாளர்கள் பலர் இந்தியத் துவக்குகளைப் பின்தங்கியவை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய இடம் பொறியல்ல, குழல். இந்தியக் கொல்லன் தன் அறிவையெல்லாம் கொட்டியது குழலின் மீதுதான். ஏனென்றால் பொறி பழுதானால் துவக்கு சுடாது, அவ்வளவுதான். குழல் பழுதானால் சுடுபவன் சாவான்.

இது மிகைக்கூற்றல்ல. 17 ஆம் நூற்றாண்டில் முகலாய நாட்டில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பேர்ணியர், அங்குள்ள காலாட்படைத் துவக்கு வீரர்களைச் சற்று ஏளனத்துடனேயே வர்ணிக்கிறார். தரையில் குந்தியிருந்து, மரக்கவையின் மேல் துவக்கைத் தாங்கிச் சுடுவார்களாம். கண்ணிமையும் தாடியும் கருகிவிடுமோ என்று பயப்படுவார்களாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதாவது ஒரு துர்த்தேவதை குழலை வெடிக்கச் செய்துவிடுமோ என்று நடுங்குவார்களாம். அதே பேர்ணியர்தான் வேறோரிடத்தில், இந்தியக் கைவினைஞர்கள் மிகச் சிறந்த துவக்குகளைச் செய்கிறார்கள் என்றும் ஒப்புக்கொள்கிறார். இரண்டும் உண்மையாகவே இருக்க வேண்டும். நல்ல குழல் அரசனிடமும் பிரபுவிடமும் இருந்தது. மலிவான குழல் சாதாரண வீரனின் கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

குழல் ஏன் வெடிக்கிறது? அக்காலத்தில் உருளை இரும்பைக் குடைந்து நீண்ட துளையிடும் இயந்திரங்கள் கிடையா. ஆகவே இரும்பைத் தகடாக அடித்து, ஒரு கோலைச் சுற்றி நீளவாக்கில் வளைத்து, இரு விளிம்புகளையும் சேர்த்துக் காய்ச்சி ஒட்டுவார்கள். ஓலையைச் சுருட்டிக் குழலாக்குவது போலத்தான். இதனால் அடியிலிருந்து வாய் வரை நேர்கோடாக ஓர் ஒட்டு அமைந்துவிடும். வெடிமருந்து எரிந்து வாயு விரியும்போது, குழலின் சுவரில் சுற்றுவாக்கில் ஏற்படும் இழுவிசை நீளவாக்கில் ஏற்படுவதைப் போல இரு மடங்காகும் என்பது இன்றைய பொறியியல் பாடம். அந்த இரு மடங்கு விசையும் நேராக அந்த ஒட்டையே பிளக்கப் பார்க்கும். போதாக்குறைக்கு, உலையில் அடித்துச் செய்த பழைய இரும்பில் கசடு நார்நாராக ஓடும். நீளவாக்கில் அடிக்கப்பட்ட தகட்டில் அந்த நாரும் நீளவாக்கிலேயே கிடக்கும். மூங்கில் எந்தத் திசையில் பிளக்குமோ அந்தத் திசையிலேயே குழலும் பிளக்கும்.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வை அபுல் பாஸல் 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஐனி அக்பரியில் விளக்கியிருக்கிறார். தகட்டை நேராக மடிக்காமல், சரிவாகச் சுருள் சுருளாகச் சுற்ற வேண்டும். சுருள்களின் விளிம்புகளை ஒன்றோடொன்று முட்டவைக்காமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அமைத்து, படிப்படியாகத் தீயில் காய்ச்சி ஒட்ட வேண்டும். இப்போது ஒட்டுக்கோடு நேராக ஓடாது. கொடி போலக் குழலைச் சுற்றி ஏறும். இரும்பின் நாரும் சுற்றுவாக்கில் வந்துவிடும். மூங்கில் பிளக்காமலிருக்க அதன்மேல் இறுக்கிக் கயிறு சுற்றுவதற்கு ஒப்பான வேலை இது. இதனைத் தவிர, உருளையான இரும்புத் துண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, இரும்பு ஊசியால் துளைத்து, மூன்று நான்கு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி ஒரு குழலாக்கும் முறையும் அந்நூலில் கூறப்பட்டுள்ளது. பெரிய குழல்கள் இரண்டு கஜ நீளம். 'தமானக்' எனப்பட்ட சிறியவை ஒன்றேகால் கஜம். அக்பர் காலத்துக் கஜம் ஏறத்தாழ 33 அங்குலம் என்பதை நினைவிற் கொள்க.

முன்பெல்லாம் குழலின் காற்பங்குக்கு மேல் மருந்து நிரப்பத் துணியமாட்டார்கள் என்றும், இப்போது வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் வெடிப்பதில்லை என்றும் அபுல் பாஸல் பெருமைப்படுகிறார். அரசவை எழுத்தாளரின் பெருமை என்று ஒரு பகுதியைக் கழித்துவிட்டாலும், அடிப்படை உண்மை நிற்கிறது. சுருள்முறை நேர்முறையைவிடப் பலமானது.

இங்கேதான் நாம் அவதானிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் அக்பரே என்று எழுதுகிறார் அபுல் பாஸல். ஒரு மாடு சுற்றும் சக்கரத்தினால் ஒரே வேளையில் 16 குழல்களைத் துலக்கும் பொறியையும் பேரரசரின் கண்டுபிடிப்பாகவே குறிப்பிடுகிறார். பல ஆயிரம் துவக்குகளிலிருந்து 105 ஐப் பேரரசர் தமக்கெனத் தெரிந்தெடுத்தார் என்ற விபரமும் வருகிறது. துவக்கு செய்வோரில் உஸ்தாத் கபீர், ஹுசைன் ஆகிய இருவரின் பெயர்கள் எடுத்துக்காட்டாகத் தரப்படுகின்றன. அக்பருக்கு இயந்திரங்களில் ஆர்வம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் வெண்சூட்டில் இருக்கும் இரும்புப் பட்டியைக் கோலின் மேல் சுற்றி, கசடு இடையில் சிக்காமல் சம்மட்டியால் ஒட்டவைக்கும் கைப்பழக்கம் அரண்மனையில் பிறப்பதல்ல. அது உலையடியில், பல தலைமுறைத் தோல்விகளுக்குப் பின் பிறப்பது.

எஞ்சியுள்ள குழல்களைப் பார்த்தால் இந்தக் கைப்பழக்கத்தின் அளவு புரியும். இலண்டன் வாலஸ் சேகரிப்பிலும் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையிலும் இந்தியத் துவக்குகளின் முன்னால் நான் நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். 'தொறடார்' என அழைக்கப்படும் வட இந்தியத் திரித்துவக்கின் மரப்பகுதி ஒல்லியானது, ஏறத்தாழ ஒரு தடியைப் போன்றது. அதன்மேல் ஒரு மீற்றருக்கும் அதிகமான நீளத்தில் குழல் கிடக்கும். கறுப்பு வெடிமருந்து மெதுவாக எரிவது. குழல் நீண்டிருந்தால் வாயு குண்டைத் தள்ளுவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். 1839 தொடக்கம் 1842 வரையிலான முதலாம் ஆப்கான் யுத்தத்தில், ஆப்கானியரின் 'ஜெசாயில்' எனும் நீள்குழல் துவக்குகள் பிரித்தானியப் படையின் மஸ்கட்டுகளை விடத் தூரத்தில் நின்று சுட்டுப் பழிவாங்கின என்பது பலரும் அறிந்ததே.

குழலின் அடிப்பகுதி தடித்திருக்கும். வெடிப்பின் முழு வேகத்தையும் தாங்குவது அந்த இடமே. வாய்ப்பகுதி மீண்டும் சற்று விரிந்து, சிலவற்றில் புலிமுகமாகவோ மகரமுகமாகவோ செதுக்கப்பட்டிருக்கும். வெளிப்புறம் வட்டமாகவோ எண்கோணமாகவோ அமையும். மரத்தோடு குழலை இணைப்பது ஆணியல்ல. தோல்வாரோ, கம்பிச் சுற்றோ, உலோகப் பட்டிகளோதான். குழலின் அடியை மூடுவதற்கு ஐரோப்பியர் திருகுமரை வெட்டிய அடைப்பைப் பயன்படுத்தினர். இந்தியக் குழல்கள் பலவற்றில் திருகுமரை கிடையாது. அடைப்பை அடித்து இறுக்கிக் காய்ச்சி ஒட்டிவிடுவார்கள். பலமானதுதான், ஆனால் கழற்ற முடியாது. உள்ளே சேரும் மருந்துக்கரியைப் பின்பக்கமாகத் திறந்து துலக்கவும் முடியாது. இந்தக் குறைபாடு இன்றைய நிலைமையோடு நேரடித் தொடர்புடையது, பின்னர் வருகிறேன்.

சுருள்முறை வளர்ந்து ஓர் அழகுக் கலையாகவும் ஆயிற்று. இரும்பையும் உருக்கையும் மாறிமாறி அடுக்கிக் காய்ச்சி, முறுக்கி, பட்டியாக அடித்து, அதையே குழலாகச் சுற்றினால், அமிலத்தன்மையுள்ள கரைசல் பட்டதும் மேற்பரப்பில் அலையலையான கோலம் தோன்றும். நமது சித்த வைத்தியர்கள் அன்னபேதி என்று சொல்லும் இரும்புச் சல்பேற்றும் இத்தகைய வேலைக்குப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று. இவ்வகைக் குழல்களை 'டமஸ்கஸ்' என்று பொதுவாக அழைப்பார்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி எடுக்கப்பட்ட, வாளுக்குப் பெயர்போன உருக்கும் 'டமஸ்கஸ்' என்றே உலகில் பெயர்பெற்றது. ஆனால் அதன் கோலம் உலோகம் உறையும்போது தானாகவே உருவாவது. குழலின் கோலமோ பெரும்பாலும் கொல்லன் திட்டமிட்டு அடுக்கி முறுக்கியதால் வருவது. வாளுக்கு வேண்டியது கூர்மையும் கடினமும். குழலுக்கு வேண்டியது விரிசல் விடாமல் நெகிழ்ந்து கொடுக்கும் குணம். இரண்டையும் ஒன்றென்று எழுதுவது இரு கைவினைஞர்களுக்கும் செய்யும் அநீதி.

இலங்கையர்களாகிய நாமும் இதில் அந்நியர் அல்லர். 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவில் இருந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், சிங்களக் கொல்லர்கள் செய்யும் குழல்களைப் போல் அழகானவை வேறெங்கும் இல்லை என்றும், அவை வெள்ளியைப் போல மினுங்கும் என்றும் பாராட்டியிருக்கிறார். கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள பழைய துவக்குகளைப் பார்ப்பவர்கள் அதனை மிகையென்று சொல்லமாட்டார்கள்.

அக்பரின் ஆயுதசாலையில் மெச்சத்தக்க ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு துவக்கிலும், எடுத்த இரும்பின் நிறை, செய்து முடித்த பின் உள்ள நிறை, இரும்பு வந்த இடம், செய்தவனின் பெயர், செய்த இடம், திகதி, தொடரிலக்கம் ஆகியன பொறிக்கப்பட்டன என்று ஐனி அக்பரி கூறுகிறது. குழலே ஒரு பதிவேடு. வரலாற்று நூல் மறந்த கொல்லனைக் குழல் மறக்கவில்லை. பிற்காலத்தில் பீக்கானேர் அரசர்களின் ஆயுதசாலையில் தேவநாகரி எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகக் குத்திப் பதிவிடும் வழக்கம் இருந்தது. 1689 இல் அதோனிக் கோட்டையில் கைப்பற்றப்பட்ட தக்காண ஆயுதங்களை இன்று உலகின் பல நூதனசாலைகளில் அடையாளம் காண உதவுவது அந்தப் புள்ளிகள்தான்.

இந்தக் கைவினை எப்படி மறைந்தது? 1857 கிளர்ச்சியை அடக்கிய பின்னர் பிரித்தானியர் வட இந்தியாவில் ஆயுதக் களைவை மேற்கொண்டனர். அவத் பிரதேசத்தில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான துவக்குகள் சேர்க்கப்பட்டு அழிக்கப்பட்டன. 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அனுமதிப்பத்திரம் இன்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. ஊர்க் கொல்லனுக்கு வேலை அற்றுப்போயிற்று. தெற்கிலே, தஞ்சாவூர் அரசு 1855 இல் இல்லாதொழிக்கப்பட்ட பின்னர், அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றுள் ஒரு பகுதி சென்னை அரசு நூதனசாலையைச் சென்றடைந்தது. எஞ்சியவற்றில் பெருமளவு வெறும் பழைய இரும்பாகவே முடிந்தது. எத்தனை கொல்லர்களின் பெயர்கள் அந்த உலையில் உருகியிருக்கும்!

தப்பிப் பிழைத்தவற்றின் இன்றைய நிலைமைக்கு வருவோம். கறுப்பு வெடிமருந்து எரிந்த பின் விட்டுச்செல்லும் பொட்டாசிய உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவன. பின்பக்கம் திறக்க முடியாத குழலில் அந்தக் கரி அடியிலேயே தங்கி, நூறு இருநூறு ஆண்டுகளாக இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். தீத்துளையும் ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அரிபட்டுப் பெருத்திருக்கும். வெளியிலே பொன்கம்பி பதித்த வேலைப்பாடு மின்னும்போது உள்ளே சுவர் கடதாசியாக மெலிந்திருக்கலாம். ஆகவே, எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் பழைய குழலைச் சுட்டுப் பார்க்க நினைப்பது மடமை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெடிமருந்தும் குண்டும் நிரப்பி வைத்தபடியே மறக்கப்பட்ட பழைய துவக்குகள் இன்றும் அகப்படுகின்றன. கறுப்பு மருந்து நனையாமல் இருந்தால் எத்தனை காலமானாலும் வெடிக்கும். ஒரு மெல்லிய மரக்கோலை வாயினூடாக விட்டு, அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அடையாளமிட்டு, வெளியே தீத்துளை இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோல் தீத்துளைக்கு முன்னரே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அதன்பின் அதில் கைவைக்காது அறிந்தவர்களிடம் ஒப்படைப்பதே முறை.

ஆனால் துருவை விடப் பெரிய எதிரி மனிதனின் துப்புரவு ஆசை. குழலின் மேலுள்ள துரு எங்கும் ஒரேவிதமாகப் பரவுவதில்லை. ஒட்டுக்கோடுகளையும் கசட்டு நார்களையும் பின்பற்றியே அது உள்ளே இறங்கும். எனவே, பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்துப் பார்த்தால், அந்தக் குழல் நேராக மடிக்கப்பட்டதா, சுருளாகச் சுற்றப்பட்டதா, துண்டு துண்டாகப் பொருத்தப்பட்டதா என்பதைத் துருவே காட்டிக்கொடுத்துவிடும். இதனை அறியாத வியாபாரிகளும், சில வேளைகளில் சொந்தக்காரர்களும், உப்புத்தாள் கொண்டும் அமிலம் கொண்டும் தேய்த்துப் பளபளப்பாக்கி விடுகிறார்கள். அத்துடன் கோலம் போயிற்று, பொன்வேலை போயிற்று, ஆழமற்றுக் குத்தப்பட்ட புள்ளி எழுத்துகளும் போயின. செந்நிறமாக உதிரும் துருவை மாத்திரம் மெல்லிய எண்ணெயிட்டுப் பொறுமையாக நீக்க வேண்டும். கறுத்து இறுகிப்போன படலத்தைத் தொடக்கூடாது. அது இரும்புக்குப் போர்வை.

இதற்கு எதிர்ப்புறத்தில் போலிகளும் சந்தையில் உள்ளன. சுவரில் மாட்டுவதற்கென்றே உல்லாசப் பயணிகளுக்காகச் செய்யப்பட்டவை. தீத்துளை துளைக்கப்படாமலும், குழல் நவீன நீர்க்குழாயாகவும், நிறை குறைந்தும் இருப்பவை அவை. வேலைப்பாட்டைப் பார்த்து மயங்காமல் குழலின் அடியைத் தூக்கிப் பார்த்தால் உண்மை விளங்கும். அடியும் வாயும் ஒரே தடிப்பாக இருந்தால், அதனைச் செய்தவன் குண்டைப் பற்றி யோசிக்கவேயில்லை என்று அர்த்தம்.

இந்திய ஆயுத வரலாறு கடந்த சில பத்தாண்டுகளில் நன்றாக ஆராயப்பட்டு வருகிறது. பேராசிரியர் இக்திதார் ஆலம் கான் 2004 இல் வெளியிட்ட நூல், வெடிமருந்தும் துவக்கும் மத்திய கால இந்திய அரசியலை எவ்வாறு மாற்றின என்பதை விரிவாகப் பேசுகிறது. ஏட்டுச் சான்றுகள் பெரும்பாலும் அரசவைகளில் எழுதப்பட்டவை. அவற்றில் கண்டுபிடிப்பாளர் எப்போதும் அரசரே. அதற்கு மாற்றுச் சாட்சி சொல்லக்கூடியது இரும்பு ஒன்றுதான். சுருள் எத்தனை பாகையில் சரிந்துள்ளது, ஒட்டு எங்கே தவறியது, தவறிய இடத்தை எப்படி மறுபடியும் காய்ச்சிச் சரிசெய்தான் என்பதெல்லாம் எந்த நூலிலும் இல்லை. குழலில் இருக்கிறது.

யார் வீட்டிலாவது, எந்த நாட்டுப் பரணிலாவது அப்படியொரு குழல் கிடக்குமானால், அதனைப் பளபளப்பாக்க முற்படாதீர்கள். எழுதத் தெரியாத ஒரு கொல்லன் எழுதி வைத்துவிட்டுப் போனது அது. எழுத்தை அழித்துவிட்டு ஏட்டை மட்டும் வைத்துக்கொள்வதில் என்ன பயன்?